பெயர் வந்துவிட்டதா?

2003ஆம் ஆண்டு முடியும் நேரம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சந்தித்துக்கொண்டால் ஒரே கேள்விதான்: “பேரு வந்திருச்சா?” கேட்டது தேர்வு முடிவைப் பற்றி அல்ல. தேசியப் பதிவுத் துறையின் தரவுகளிலிருந்து கணினி குலுக்கிப்போட்டு எடுத்த பெயர்ப் பட்டியலைப் பற்றி. 1986இல் பிறந்தவர்களில் சிலருக்கு அரசுக் கடிதம் வந்தது, சிலருக்கு வரவில்லை. ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவன் முகாமுக்குப் பெட்டி கட்டினான். மற்றவன் பகுதி நேர வேலை தேடிப் போனான்.

தேசிய சேவைப் பயிற்சி, மலாய்ச் சுருக்கத்தில் பி.எல்.கே.என்., மலேசியாவில் பிறந்தது இப்படித்தான். முதல் ஆண்டுக்கு 85,000 பேர் என்று திட்டம். 2004 பிப்ரவரியில் முதல் அணி முகாம்களுக்குள் நுழைந்தது. தற்காப்பு அமைச்சராக இருந்த நஜிப் துன் ரசாக் இத்திட்டத்தின் முகம். பயிற்சி மன்றத்தின் தலைவராக லீ லாம் தை இருந்தார். மூன்று மாதப் பயிற்சியில் உடற்பயிற்சி, நாட்டுணர்வு, பண்பு வளர்ப்பு, சமூகத் தொண்டு என நான்கு பாகங்கள். இராணுவ உடையைப் போன்ற சீருடை, அதிகாலை அணிவகுப்பு, துப்பாக்கி சுடும் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் பயிற்சி முடித்த எவரும் இராணுவ வீரர் ஆகிவிடுவதில்லை, போர் வந்தால் அழைக்கப்படும் சேமப்படையிலும் சேருவதில்லை. அது படைக்கு ஆள் சேர்க்கும் திட்டமே இல்லை என்பதை அரசும் ஒளிக்கவில்லை. இன ஒற்றுமைக்கான திட்டம் என்றுதான் அது அறிவிக்கப்பட்டது.

இருந்தும் அழைப்பை மறுத்தால் தண்டனை காத்திருந்தது. 2003ஆம் ஆண்டு தேசிய சேவைப் பயிற்சிச் சட்டத்தின்படி, முகாமுக்கு வராதவருக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அச்சட்டம் வந்து இரண்டே ஆண்டில், குடும்பத்தைக் காப்பாற்ற உழைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் முகாமுக்குப் போகவில்லை. அபராதம் கட்டப் பணமில்லாததால் சிறைக்குப் போனார். ஒற்றுமைப் பாடத்துக்கு வராத மாணவனைச் சிறையில் அடைத்த பள்ளிக்கூடம் உலகில் வேறெங்கும் இருக்குமா என்று அப்போது பலர் கேட்டார்கள். கேள்வியில் கிண்டல் இருந்தாலும் நியாயமும் இருந்தது.

கட்டாயச் சேவைக்கு மலேசிய அரசியலமைப்பில் வாசல் திறந்தே இருக்கிறது. ஆறாவது பிரிவு அடிமைத்தனத்தைத் தடை செய்கிறது, கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அதே மூச்சில், தேசிய நோக்கங்களுக்காகக் கட்டாயச் சேவையை நாடாளுமன்றம் சட்டமாக்கலாம் என்றும் சொல்கிறது. ‘தேசிய நோக்கம்’ எது என்று அது விளக்கவில்லை. நாட்டைக் காக்கும் போரும் அதில் அடங்கும், பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒரே கூடாரத்தில் படுக்கவைத்து நண்பர்களாக்குவதும் அடங்கும். இந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதைத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைக்கு ஒரு முறை அளந்து பார்த்து வந்திருக்கின்றன.

அந்தக் கதையில் பட்டியல் என்பது பழைய சொல். ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்களை மேய்த்த கங்காணி வைத்திருந்த பேர்ப் பட்டியல்தான் தொடக்கம். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் இருந்தால் அன்றைக்குக் கூலி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல மறுத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒழிய வேண்டும் என்பவையெல்லாம் கோரிக்கைகள். மே மாதம் நாதன் கைதாகி, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்போது தோட்டத்துக்குள் வந்தது இந்திய வீரர்களைக் கொண்ட பிரிட்டிஷ் படை. துப்பாக்கியின் இரு முனையிலும் இந்தியர்.

அடுத்த ஆண்டுக்குள் துரைமார் ஓடிவிட்டார்கள், ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1942 நடுவில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதை வேலை தொடங்கியது. 415 கிலோமீட்டர். போர்க் கைதிகள் போதாமல் போனதும் 1943இல் மலாயாத் தோட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. அதை நிரப்பும் பொறுப்பு தோட்டக் கணக்கரான கிராணியின் தலையில், கங்காணியின் தலையில். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சில் சிலர் நம்பிப் போனார்கள். பேச்சு எடுபடாத இடங்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, உள்ளே இருந்தவர்களை நேராக ரயிலில் ஏற்றியதாகவும் பதிவுகள் உண்டு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 78,000 பேர், பெரும்பாலோர் தமிழர். இறந்தவர்கள் ஏறத்தாழ 30,000 என்று எழுத்தில் இருக்கும் கணக்கு சொல்கிறது. காட்டில் காலராவில் விழுந்தவர்களுக்குக் கணக்கு எழுதியவர் யார் என்று யோசித்தால், உண்மை எண் அதைவிடக் கூடும் என்று ஆய்வாளர்கள் சொல்வது விளங்கும். மலேசியத் தமிழர் வாயில் அது இன்றும் சயாம் மரண ரயில்தான்.

அதே 1943இல் இன்னொரு பட்டியலும் திறந்தது. ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், தென்கிழக்காசிய இந்தியர் அனைவரையும் முழுமையாகத் திரட்டப்போவதாக அறிவித்தார். அதுவரை பெரும்பாலும் போர்க் கைதிகளைக் கொண்டிருந்த இந்திய தேசிய இராணுவத்தில், பால்மரம் சீவிய கைகளும் துப்பாக்கி ஏந்தத் தொடங்கின. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, போஸின் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் தங்கத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து அதன் துணைத் தளபதி ஆனார். பின்னாளில் மலாயா இந்தியர் காங்கிரஸான ம.இ.கா.வின் தொடக்கத்தில் பங்கு பெற்று, செனட்டராகி, ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் 2014இல் மறைந்தார்.

ஜானகியின் கதை தானாக முன்வந்த ஒருவரின் கதை. தோட்ட லயத்திலிருந்து சேர்ந்தவர்கள் எல்லாரையும் அப்படியே சொல்லிவிட முடியாது. இந்திய தேசிய இராணுவத்தில் பெயர் இருந்தால் சயாமுக்குப் போகவேண்டியதில்லை என்ற நிலை இருந்ததை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒரு பட்டியலிலிருந்து தப்ப இன்னொரு பட்டியல். நாட்டுப்பற்று எங்கே முடிந்தது, உயிர் பிழைக்கும் ஆசை எங்கே தொடங்கியது என்று இன்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. மலேசிய நாவலாசிரியர் அ. ரெங்கசாமி மரண ரயிலுக்கு ஒரு நாவலும் போஸின் படைக்கு ஒரு நாவலும் எழுதியது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே லயத்தின் இரண்டு வாசல்கள். இன்றைய பிரிக்பீல்ட்ஸில் போஸின் பெயரில் இந்தியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. சயாமுக்குப் போனவர்களுக்கு அந்தத் தெருக்களில் அப்படியொரு கட்டடம் இல்லை.

போர் முடிந்தும் பட்டியல் முடியவில்லை. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷார் அவசர காலத்தை அறிவித்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. காட்டிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர்கள் அந்த அட்டைகளைப் பிடுங்கி எரித்ததற்குக் காரணம் இருந்தது. ஆளை எண்ணத் தெரிந்த அரசுக்கு ஆளை எடுக்கவும் தெரியும். இன்று மலேசியர் எல்லாரும் சட்டைப் பையில் வைத்திருக்கும் மைகார்டின் பாட்டனார் அந்த அட்டைதான். 2003இல் கணினி குலுக்கிப் போட்டதும் அந்தப் பதிவிலிருந்து வளர்ந்த பட்டியலைத்தான்.

ஆள் எடுப்பு சீக்கிரமே வந்தது. 1950 இறுதியில் மனிதவளக் கட்டாய விதிகள் அறிவிக்கப்பட்டன. இளைஞர்களை முக்கியமாகப் போலீஸ் பணிக்கு இழுப்பதே நோக்கம். விளைவு அரசு எதிர்பாராதது. ஆயிரக்கணக்கான சீன இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை தராத நாட்டுக்கு உயிரை மட்டும் ஏன் தரவேண்டும் என்பது அவர்கள் பக்கக் கேள்வி. 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு உடன்படிக்கையில் குடியுரிமை கிடைக்காமல் நின்ற இந்தியர்களுக்கும் அந்தக் கேள்வி அந்நியமானது அல்ல. சிங்கப்பூரில் 1954ஆம் ஆண்டு மே 13 அன்று, தேசிய சேவைப் பதிவை எதிர்த்துச் சீனப் பள்ளி மாணவர்கள் திரண்டார்கள், போலீஸுடன் மோதினார்கள்.

இதில் ஒரு விசித்திரம். மலாயாவின் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்க்கத் திணறிய பிரிட்டன், தன் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்து மலாயாக் காடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பர்மிங்காமிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் இரண்டு ஆண்டுத் தேசிய சேவைக்காகக் கப்பலில் வந்து இறங்கினார்கள். ரப்பர் விலையைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள், ரப்பர் தோட்டங்களைக் காக்கச் சுட்டார்கள், சுடப்பட்டார்கள். பிரிட்டன் 1960இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. மலாயாவில் அவசர காலம் முடிந்ததும் அதே ஆண்டில்தான்.

மலாயாவின் 1952ஆம் ஆண்டுத் தேசிய சேவைச் சட்டம் மட்டும் தங்கிவிட்டது. 1964இல், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், இளைஞர்கள் மறுபடியும் பதிவுக்கு அழைக்கப்பட்டார்கள். மோதல் ஓய்ந்ததும் சட்டம் மீண்டும் தூங்கப்போனது.

சிங்கப்பூர் அங்கிருந்து வேறு வழியில் போனது. 1965இல் பிரிந்து, 1967இல் கட்டாயச் சேவையைச் சட்டமாக்கியது. படை அமைக்க வந்த இஸ்ரேலிய ஆலோசகர்களை ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள், அண்டை நாடுகளின் கண்ணுக்குத் தப்ப. சிறு தீவு, பெரிய அண்டை வீடுகள், ஆள் பற்றாக்குறை என்று காரணம் தெளிவாக இருந்தது. அங்கும் பட்டியலில் ஓட்டை இருந்தது: தொடக்கத்தின் பத்து ஆண்டுகள் மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் அழைக்கப்படவே இல்லை. யாரை அழைக்கிறது என்பதைக் கொண்டே ஓர் அரசு யாரை நம்புகிறது என்று அறியலாம். இன்று அங்கே இரண்டு ஆண்டு சேவை. தட்டிக்கழித்தால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை. நிரந்தரவாசிகளின் மகன்களும் அழைக்கப்படுவதால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியக் குடும்பங்களில் மகன் பதினெட்டை எட்டும்போது இந்தக் கணக்கு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும்.

மலேசியாவுக்கு அந்த நெருக்கடி இல்லை. விரும்பிச் சேர்ந்தவர்களின் படையே போதுமாக இருந்தது. அந்தப் படையின் முதுகெலும்பு 1933இல் போர்ட் டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட். அதில் இன்றும் மலாய்க்காரர் மட்டுமே சேர முடியும். ரேஞ்சர் படையின் கதவு எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்கிறது. கடற்படையில் ஒரு பொற்காலமும் இருந்தது: கோலாலம்பூரில் பிறந்து விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் படித்த கே. தனபாலசிங்கம், 1967இல் முப்பத்தொரு வயதில் மலேசியக் கடற்படையின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர். 1976 வரை அதில் இருந்தார். அவரை யாரும் குலுக்கலில் எடுக்கவில்லை. இன்றோ இராணுவத்தில் சீனர், இந்தியர் பங்கு மிகக் குறைவு என்று தற்காப்பு அமைச்சே திரும்பத் திரும்பக் கவலைப்படுகிறது.

ஆக, 2003இல் நஜிப் கொண்டுவந்த திட்டத்தின் அடியில் இருந்தது இராணுவக் குறை அல்ல, கல்விமுறையின் குறை. மலாய்ப் பிள்ளை தேசியப் பள்ளியில், தமிழ்ப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில், சீனப் பிள்ளை சீனப்பள்ளியில் என்று வளர்ந்து, பதினேழு வயது வரை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாமலே பெரியவர்களாகிறார்கள் என்ற கவலை பொய்யில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகளில் பள்ளியும் சுற்றமும் செய்யாததை மூன்று மாத முகாம் செய்யும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, குலுக்கலில் விழுந்தவர்களுக்கு மட்டும்! நாட்டுக்கே தேவையான மருந்து என்றால் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுப்பானேன்?

முகாமுக்குப் போய்வந்தவர்களின் நினைவுகள் இரண்டு விதம். முதன்முதலில் வேறு இனத்து நண்பர் கிடைத்தார், மலாய் சரளமாக வந்தது, வீட்டைப் பிரிந்து இருக்கத் தெரிந்தது என்று மகிழ்வோடு சொல்பவர்கள் உண்டு. தோட்டத்தையோ அடுக்குமாடி வீட்டையோ விட்டு வெளியே போகாத பிள்ளைகளுக்கு அது பெரிய உலகம்தான். மறுபக்கம், தொடக்க ஆண்டிலேயே இனச் சண்டைகள் செய்தியாயின. கெட்ட உணவால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். பயிற்சிக் காலத்தில் இளம் உயிர்கள் போயின, ஒவ்வொன்றின் பிறகும் பெற்றோர் மருத்துவப் பரிசோதனை பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். முகாம்கள் பலவும் தனியார் கட்டி அரசுக்கு வாடகைக்கு விட்டவை, சமையலும் ஒப்பந்தம். ஒற்றுமை வளர்ந்ததோ இல்லையோ, ஒப்பந்தங்கள் வளர்ந்தன என்று எதிர்க்கட்சிகள் சொன்னதை மறுப்பது அரசுக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

ஒத்திவைப்பும் இருந்தது. மேற்படிப்புக்குப் போகிறவர் தவணை கேட்கலாம். கல்லூரிக் கடிதம் கையில் இருந்தவருக்குத் தவணை எளிது. ஐந்தாம் படிவம் முடித்ததும் கடையில் நின்று வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவரும் பிள்ளைக்கு எந்தக் கடிதத்தைக் காட்டுவது? தாய்லாந்தில் இதைவிட வெளிப்படை அதிகம். அங்கே ஏப்ரல் மாதத்தில் இளைஞர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டிக்குள் கையை விட்டு அட்டை எடுக்கிறார்கள். கறுப்பு வந்தால் வீட்டுக்கு, சிவப்பு வந்தால் படைக்கு. சிலர் மயங்கி விழுவார்கள், சிலர் துள்ளிக் குதிப்பார்கள். கொடுமைதான், ஆனால் குலுக்கல் கண்ணெதிரே நடக்கிறது. மலேசியாவில் அது கணினிக்குள் நடந்தது.

கடைசியில் திட்டத்தை நிறுத்தியது கொள்கை அல்ல, கச்சா எண்ணெய். 2015 ஜனவரியில் எண்ணெய் விலைச் சரிவால் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தியபோது, பிரதமராகிவிட்டிருந்த நஜிப் தாம் தொடங்கிய திட்டத்தைத் தாமே அந்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார். மிச்சம் 400 மில்லியன் ரிங்கிட். தேசத்துக்கு அத்தியாவசியம் என்று சொல்லி, வராதவரைச் சிறைக்கு அனுப்பிய சேவை, கையில் காசு குறைந்ததும் காத்திருக்கக்கூடியதாகிவிட்டது. அடுத்த ஆண்டு திருத்திய வடிவில் திரும்பி வந்து, ஆட்சி மாறிய பின் 2018 ஆகஸ்டில் ஒழிக்கப்பட்டது. சட்டத்தை மட்டும் யாரும் நீக்கவில்லை.

நீக்காத சட்டம் திரும்பப் பயன்பட்டது. 2025 ஜனவரியில் மூன்றாம் வடிவம் முன்னோட்டமாகத் தொடங்கியது. இம்முறை 45 நாள். எழுபது விழுக்காடு அடிப்படை இராணுவப் பயிற்சி, முப்பது விழுக்காடு நாட்டுணர்வுப் பாடம். தனியார் முகாம்களுக்குப் பதில் இராணுவ முகாம்கள். தற்காப்பு அமைச்சர் முகமட் காலிட் நோர்டின் இதைப் பாதுகாப்போடு சேர்த்தே பேசினார். பழைய வடிவங்களின் குழப்பம் இதில் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளலாம். குறைந்தது, செய்வது என்ன என்று பெயர் சொல்லிச் செய்கிறார்கள்.

உலகக் காற்றும் அந்தப் பக்கமே வீசுகிறது. 2010இல் கட்டாயச் சேவையைக் கைவிட்ட சுவீடன், ரஷ்யாவின் போக்கைக் கண்டு 2017இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, இம்முறை பெண்களையும் சேர்த்து. எல்லாரும் படிவம் நிரப்ப வேண்டும், படை தனக்கு வேண்டிய சிலரை மட்டும் எடுக்கும். அழைக்கப்படுகிறவர்கள் தகுதியும் ஆர்வமும் பார்த்தே தேர்வாவதால் அங்கே முணுமுணுப்பு குறைவு. மாறாக, சீனாவோடும் பாகிஸ்தானோடும் போரிட்ட இந்தியா இதுவரை குடிமக்களைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்ததில்லை.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் கட்டாயச் சேவை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எதற்காக? யாரெல்லாம்? சிங்கப்பூர் முதல் கேள்விக்கு உரக்கப் பதில் சொன்னது, இரண்டாவதில் தொடக்கத்தில் சறுக்கியது. மலேசியா முதல் கேள்விக்கு இரு முறை பதிலை மாற்றியது, இரண்டாவதைக் கணினியிடம் விட்டது. படைக்கு ஆள் வேண்டுமானால், அது எத்தனை பேர், எந்த வேலைக்கு என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டு எல்லா வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டலாம். ஒற்றுமைதான் வேண்டுமென்றால் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, சீருடை இயக்கங்கள் இருக்கின்றன, விரும்பிச் சேரும் வத்தானியா தொண்டர்படை இருக்கிறது. அவற்றுக்குச் சிறைத் தண்டனை தேவையில்லை.

இரண்டாவது கேள்வியில் ஒரு மூலை இன்னும் இருட்டில் இருக்கிறது. குலுக்கல் நடப்பது குடிமக்கள் பதிவில். கிள்ளான் பள்ளத்தாக்கில், உடைந்துபோன தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களில், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை எய்தியவர்களும் இருக்கிறார்கள். மரண ரயிலுக்கு ஆள் எடுத்தபோது அவர்களின் தாத்தாக்களிடம் யாரும் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. 2003இல் தெருவில் எல்லாரும் “பேரு வந்திருச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடிதம் வரவில்லை, வரவும் முடியாது. அந்த வீட்டுப் பையன் ஒருவன் தானாக விரும்பி இராணுவத்தில் சேரப் போனாலும், விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவது மலேசியக் குடிமகனா என்பதுதான்.